வேலையும் வீடும் ஒருசேர ஆட்டங்காணும் இடங்கள்: திறந்த தரவு எதைக் காட்டும், எதை மறைக்கும்?

ஆட்குறைப்புச் செய்திகள் வரும்போதெல்லாம் சிங்கப்பூரில் ஒரு கேள்வி எழுகிறது: இதனால் அதிகம் அடிபடப்போவது எந்த வட்டாரத்து மக்கள்? மனிதவள அமைச்சின் கணக்குப்படி 2020இல் 26,110 பேரும், 2022இல் 6,440 பேரும், 2023இல் 14,590 பேரும் ஆட்குறைப்புக்கு ஆளாயினர். இதற்கிடையே, 2022 என்ற ஓராண்டில் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியது. வேலை போனவர்களும் வாடகை ஏறியவர்களும் ஒரே ஆட்களா, அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்வதில்லை. அரசாங்கம் இலவசமாக வெளியிடும் தரவுகளை ஒன்றோடொன்று இணைத்தால் அதற்குப் பதில் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஓரளவு கிடைக்கும். ஆனால் சிங்கப்பூரின் வீடமைப்பு முறையைக் கணக்கில் கொள்ளாமல், மற்ற நாடுகளில் வரைவதுபோல வட்டாரவாரியாக நிறமிட்ட வரைபடம் ஒன்றை வரைந்தால், அது பெரும்பாலும் தவறான இடத்தையே சுட்டிக்காட்டும். அது ஏன் என்பதையும், பதிலாக எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் சில வரையறைகள்

1. திறந்த தரவு: எவரும் கட்டணமின்றி எடுத்து, ஆராய்ந்து, மறுபடியும் வெளியிட உரிமம் தரப்பட்ட தரவு. சிங்கப்பூர் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளம் 2011இல் தொடங்கப்பட்டது. புள்ளிவிவரத் துறை, மனிதவள அமைச்சு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), நகர மறுசீரமைப்பு ஆணையம் ஆகியவற்றின் அட்டவணைகள் அங்கே கிடைக்கின்றன.

2. வேலை நெருக்கடி: வேலையின்மை மட்டுமன்று. வேலையில்லாதவராகக் கணக்கில் வர வேண்டுமென்றால், ஒருவர் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும். கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடித் தேடிச் சலித்துக் கைவிட்டவர் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்துகொண்டு, கூடுதல் நேரத்துக்குத் தயாராக இருப்பவர் ‘குறைவேலை’ என்ற வேறொரு கணக்கில் வருவார். 25 வாரங்களோ அதற்கு மேலோ வேலையின்றி இருப்பவர் நீண்டகால வேலையின்மையில் சேர்வார். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நெருக்கடியின் அளவு தெரியும்.

3. வீட்டு நெருக்கடி: ஆஸ்திரேலியாவில் ‘30/40 விதி’ என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். வருமான வரிசையில் கீழ்மட்ட 40 விழுக்காட்டில் உள்ள குடும்பம், தன் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குச் செலவிட்டால், அது நெருக்கடியில் இருப்பதாகக் கொள்ளப்படும். சிங்கப்பூரிலும் 30 விழுக்காடு என்ற எண் உண்டு. வீவக வீட்டுக் கடனின் மாதத் தவணை மொத்த வருமானத்தில் அந்த அளவைத் தாண்டக்கூடாது. ஆனால் அது கடன் வாங்கும் நாளில் பார்க்கப்படும் உச்சவரம்பு. வாங்கிய பிறகு வருமானம் சரிந்தால், அந்த விகிதம் என்னவாயிற்று என்பதை எந்தப் பொது அட்டவணையும் காட்டாது.

வேலை போனால் வீடு எப்போது ஆட்டங்காணும்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் சிங்கப்பூரை மற்ற நாடுகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. இங்கே பெரும்பாலானோர் வீட்டுக் கடனை மத்திய சேம நிதியின் (மசேநி) சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுகிறார்கள். அந்தக் கணக்குக்குப் பணம் சம்பளத்திலிருந்து வருகிறது. ஆக, வேலை போகும்போது கைக்கு வரும் காசு மட்டுமல்லாமல், வீட்டுத் தவணைக்கென்று தானாக ஓடிவந்துகொண்டிருந்த வாய்க்காலும் வறண்டுவிடுகிறது.

மாதம் 4,000 வெள்ளி சம்பாதிக்கும் 32 வயது ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 35 வயது வரை சம்பளத்தில் 23 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குச் செல்கிறது. அதாவது 920 வெள்ளி. தவணை 1,100 வெள்ளி என்றால், கையிலிருந்து போட வேண்டியது 180 வெள்ளிதான். அதே சம்பளமும் அதே தவணையும் உள்ள 52 வயதுக்காரருக்கு 15 விழுக்காடு, அதாவது 600 வெள்ளி மட்டுமே சாதாரணக் கணக்கில் சேரும். வேலையில் இருக்கும்போதே மாதம் 500 வெள்ளியைக் கணக்கின் பழைய சேமிப்பிலிருந்தோ கையிலிருந்தோ அவர் போட்டாக வேண்டும்.

இப்போது இருவருக்கும் வேலை போகிறது. வீவக கடன் எடுப்பவர்கள் சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளி வரை ஒதுக்கி வைத்துக்கொள்ள 2018 முதல் அனுமதி உண்டு. அந்த முழுத் தொகையையும் விட்டுவைத்தவருக்கு ஏறக்குறைய 18 மாதங்கள் வீட்டைப் பற்றிக் கவலையில்லை. முன்பணத்துக்கே எல்லாவற்றையும் செலவழித்தவருக்கு அடுத்த மாதமே 1,100 வெள்ளி ரொக்கம் தேவை. ஒரே நாளில் ஒரே நிறுவனத்திலிருந்து வெளியேறிய இருவருக்கு நெருக்கடி வந்துசேர ஒன்றரை ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். சாதாரணக் கணக்கின் இருப்பு அவரவருக்கு மட்டுமே தெரியும். அது எந்தத் திறந்த தரவிலும் இல்லை, இருக்கவும் கூடாது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. ஒன்று, சிங்கப்பூரில் தவணை பாக்கி என்பது மிகத் தாமதமாகத் தெரியும் அறிகுறி. மின்கட்டணம், மளிகை, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு ஆகியவை முதலில் அடிபடும்; வீடு கடைசியில்தான் தெரியவரும். மற்றொன்று, வெளிச்சந்தையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தத் தடுப்பு அறவே கிடையாது. மசேநி பணத்தை வாடகைக்குக் கொடுக்க முடியாது. முழுத் தொகையும் ரொக்கம். முதல் மாதத்திலிருந்தே ரொக்கம்.

வீவகவின் பொது வாடகை வீடுகளில் நிலைமை வேறு. குடும்ப வருமானத்தைப் பொறுத்து அங்கே வாடகை நிர்ணயிக்கப்படுகிறது. ஓரறை, ஈரறை வீடுகளின் வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து 275 வெள்ளி வரை. எனவே மிகவும் வறியவர் வசிக்கும் இடமும், வேலை போனவுடன் வீட்டை இழக்கும் ஆபத்து மிகுந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வருமானத்தை மட்டும் வைத்து வரையப்படும் வரைபடங்களே அதிகம்.

கையில் உள்ள அட்டவணைகள்

வேலை தொடர்பானவற்றில் முக்கியமானவை மனிதவள அமைச்சின் ஆட்குறைப்பு எண்ணிக்கையும், ஊழியரணி ஆய்வும். ஆட்குறைப்பு எண்கள் துறைவாரியாகக் காலாண்டுக்கு ஒருமுறை வெளிவருகின்றன. குறைந்தது 10 பேரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், ஒரே ஒருவரை ஆட்குறைப்பு செய்தாலும் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2021 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி. அதைவிடச் சிறிய கடைகளுக்கு அந்தக் கடமை இல்லை. சிராங்கூன் சாலையின் சின்னச் சின்ன மளிகைக் கடைகளையும் உணவகங்களையும் நினைத்துப் பார்த்தால் இந்த இடைவெளியின் பொருள் விளங்கும்.

வீடு தொடர்பான தரவு இதைவிட மிக நுணுக்கமானது. மறுவிற்பனை விலைகள் 1990 முதல் பதிவாகியுள்ளன. புளோக் எண், தெரு, மாடி வரம்பு, பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு எல்லாம் உண்டு. வாடகைக்கு விடப்பட்ட வீவக வீடுகளின் மாத வாடகை 2021 முதல் புளோக் வாரியாகக் கிடைக்கிறது. இவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒரு கோப்பும் இருக்கிறது: வீவக கட்டட விவரக் கோப்பு. அதில் ஒவ்வொரு புளோக்கும் ஒரு வரி. கட்டி முடித்த ஆண்டு, எத்தனை மாடி என்பவற்றுக்குப் பிறகு, விற்கப்பட்ட ஈரறை, மூவறை, நாலறை, ஐந்தறை வீடுகள் எத்தனை, வாடகைக்கு விடப்பட்ட ஓரறை, ஈரறை, மூவறை வீடுகள் எத்தனை என்று தனித்தனி நிரல்கள் வருகின்றன. வாடகை நிரல்களை மட்டும் கூட்டி, மொத்த வீடுகளால் வகுத்தால் போதும். ஜாலான் குக்கோ போன்ற, பொது வாடகை வீடுகள் மிகுந்த இடங்களில் அடுத்தடுத்த புளோக்குகள் பளிச்சென்று தனித்துத் தெரியும். என் கருத்தில், சிங்கப்பூரில் இந்த ஆய்வைத் தொடங்குபவர் முதலில் திறக்க வேண்டிய கோப்பு இதுதான்.

மூன்றாவது வகை மக்கள்தொகைத் தரவு. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கடைசிப் பதிப்பு 2020க்கு உரியது. நாட்டின் 55 திட்டமிடல் வட்டாரங்கள்வாரியாக வயது, வீட்டு வகை, குடும்ப வருமானம், வேலை செய்யும் துறை, வீட்டில் பேசும் மொழி ஆகியவற்றை அது தருகிறது.

பொதுச் சாவி இல்லாத இரண்டு அட்டவணைகள்

வேலைத் தரவு ‘எந்தத் துறை’ என்று சொல்கிறது. ‘எங்கே வசிப்பவர்’ என்று சொல்வதில்லை. வீட்டுத் தரவு எந்தப் புளோக் என்று சொல்கிறது. உள்ளே இருப்பவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் இணைக்கும் பாலம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டுமே. நடைமுறை இப்படிப் போகும்:

1. ஒவ்வொரு வட்டாரத்திலும் வேலை செய்வோரில் எத்தனை விழுக்காட்டினர் எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பு அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும்.

2. ஒவ்வொரு துறையிலும் ஆயிரம் ஊழியர்களுக்கு எத்தனை பேர் ஆட்குறைப்புக்கு ஆளாயினர் என்ற விகிதத்தை அதனுடன் பெருக்கிக் கூட்ட வேண்டும். வருவது அந்த வட்டாரத்தின் வேலை ஆபத்து மதிப்பீடு.

3. வட்டாரத்துக்குள் இறங்கி, புளோக் வாரியாக மூன்று தரவுகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்: பொது வாடகை வீடுகளின் பங்கு, வெளிச்சந்தை வாடகை எவ்வளவு, அது எவ்வளவு வேகமாக ஏறியது. புளோக் முகவரிகளை வரைபடத்தில் பொருத்துவதற்கு நில ஆணையத்தின் ஒன்மேப் தளம் உதவும்.

இரண்டாம் படியில் ஒரு பெரிய ஊகம் ஒளிந்திருக்கிறது. நிதித் துறையில் வேலை செய்பவர் உட்லண்ட்ஸில் இருந்தாலும் புக்கிட் தீமாவில் இருந்தாலும் ஆபத்து ஒன்றே என்று அது கொள்கிறது. ஒருவர் வங்கிக் கிளையில் முகப்பு ஊழியராக இருக்கலாம்; இன்னொருவர் முதலீட்டு நிர்வாகியாக இருக்கலாம். தொழில்வகை அட்டவணையையும் சேர்த்துக்கொண்டால் பிழை குறையும், நீங்காது.

மூன்றாம் படியில் வரும் தரவுகளையெல்லாம் கூட்டி ஒற்றை மதிப்பெண்ணாக்க ஆசை வரும். இங்கிலாந்தில் அதிகாரபூர்வமாகவே அப்படிச் செய்கிறார்கள். அங்குள்ள பன்முக இழப்புக் குறியீட்டின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, நாட்டை 32,844 சிறு பகுதிகளாகப் பிரித்து, ஏழு அம்சங்களைச் சேர்த்து வரிசைப்படுத்தியது. வருமானத்துக்கும் வேலைக்கும் தலா 22.5 விழுக்காடு எடை. ஆனால் வீட்டுத் தவணை மசேநியிலிருந்து போகும் ஊரில் வேலையிழப்பும் வீட்டிழப்பும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதை மேலே கண்டோம். வேகம் வேறுபடும் இரண்டைக் கூட்டிச் சராசரி எடுத்தால், உடனடி ஆபத்தில் உள்ள வாடகைதாரரும் ஒன்றரை ஆண்டு அவகாசம் உள்ள உரிமையாளரும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பார்கள். இங்கே தனித்தனி அட்டவணைகளாக வைத்திருப்பதே மேல்.

நகர் வரைபடம் ஏன் ஏமாற்றும்?

சிங்கப்பூர்க் குடும்பங்களில் 78.7 விழுக்காடு 2020இல் வீவக வீடுகளில் வசித்தன. வீவக நகர்கள் வேண்டுமென்றே கலந்து கட்டப்பட்டவை: ஒரே பேட்டையில் ஈரறை வாடகை வீடும் ஐந்தறை வீடும் அருகருகே இருக்கும்; 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை, எந்த இனமும் ஓரிடத்தில் குவியாதபடி பேட்டைக்கும் புளோக்குக்கும் வரம்பு வைத்திருக்கிறது. எனவே வட்டாரச் சராசரிகள் ஒன்றுக்கொன்று நெருங்கியே இருக்கும். புக்கிட் மேராவைப் பாருங்கள். மறுவிற்பனையில் விலை உச்சத்தைத் தொடும் வீடுகளும் பழைய வாடகைப் புளோக்குகளும் அந்த ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. சராசரி எடுத்தால் இரண்டும் இல்லாத ஓர் ஊர் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. குடும்ப வருமான அட்டவணையில் ‘வேலை செய்பவர் யாரும் இல்லாத குடும்பம்’ என்று ஒரு நிரல் இருக்கிறது. பார்த்தவுடன் இதுதான் நாம் தேடியது என்று தோன்றும். அந்த நிரலில் வேலை இழந்த குடும்பமும் இருக்கும். கடனை அடைத்துவிட்டு, தரைவீட்டில் நிம்மதியாக இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதியும் இருப்பார்கள். முதியோர் அதிகமுள்ள தோ பாயோ, அங் மோ கியோ போன்ற பழைய வட்டாரங்களை, வயதுத் தரவைச் சேர்க்காமல் இந்த நிரலை மட்டும் வைத்து ஆபத்துப் பகுதி என்று சொல்வது பிழை.

பகுதியின் குணத்தை அங்குள்ள ஆளின் மீது ஏற்றிப் பார்க்கும் இந்தத் தவறைச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950லேயே எண்களைக் கொண்டு நிறுவிக் காட்டினார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வரைபடங்களில் அது தவறாமல் இடம்பெற்று வருகிறது.

இன வரம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்க் குடும்பங்களை அது நேராகத் தொடுகிறது. இந்தியர், பிற இனத்தவர் பிரிவுக்கான வரம்பு 2010 முதல் பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், அங்குள்ள இந்திய உரிமையாளர் தம் வீட்டைச் சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர் கூட்டம் சுருங்குகிறது, விலையும் இறங்கலாம். வேலை போய், சிறிய வீட்டுக்கு மாறித் தவணையைக் குறைக்க நினைப்பவருக்கு இது தப்பிக்கும் வழியையே குறுக்குகிறது. புளோக்கின் வரம்பு நிலையை வீவக இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். பாதிப்பு ஆய்வில் இதைச் சேர்ப்போர் மிகக் குறைவு, சேர்க்கத்தான் வேண்டும்.

அட்டவணையில் இல்லாதவர்கள்

கணக்கெடுப்பின் விரிவான அட்டவணைகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கொண்டவை. 2020இல் நாட்டிலிருந்த 56.9 லட்சம் பேரில் ஏறத்தாழ 16.4 லட்சம் பேர் அந்த வகைகளில் சேராதவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்குவிடுதிகளில் வசிக்கும் கட்டுமான, கப்பல்பட்டறை ஊழியர்கள் அவர்களில் அடக்கம். அவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் ஒரே முதலாளியின் கையில் இருக்கின்றன. வேலை போனால் வேலை அனுமதி ரத்தாகும், ஊருக்குத் திரும்புவார்கள், சிங்கப்பூரின் வேலையின்மை விகிதம் அசையாது. வேலை நெருக்கடியும் வீட்டு நெருக்கடியும் ஒரே நாளில் வந்து சேரும் பெரிய குழு இதுதான். வட்டார வரைபடத்திலோ இவர்கள் வசிக்கும் இடம் காலியாகவே இருக்கும்.

அறை வாடகைக்கு இருப்பவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. புளோக் வாரியான வாடகைத் தரவு முழு வீடுகளைப் பற்றியது. மறுவிற்பனை வீடு வாங்க மூன்றாண்டு காத்திருக்கும் நிரந்தரவாசித் தம்பதி, 35 வயதாகாததால் வீவக வீடு வாங்க முடியாத தனிநபர், மணமுறிவுக்குப் பின் வீட்டை விற்றுவிட்டு அறையெடுத்துத் தங்கியிருப்பவர் போன்றோர் அந்தக் கோப்பில் தென்படமாட்டார்கள். இணையத்தளங்கள்வழி உணவு விநியோகம் செய்பவர்களும், வாடகை கார் ஓட்டுநர்களும் வேலையில் இருப்பவர்களாகவே பதிவாகியிருப்பார்கள். அவர்களுடைய வருமானம் பாதியாகக் குறைந்தாலும் ஆட்குறைப்பு எண் மாறாது.

இன சராசரியும் நம்பத்தக்கதன்று. 2020இல் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 8,500 வெள்ளி. அனைத்துக் குடும்பங்களுக்கும் 7,744 வெள்ளி. இதை மட்டும் படிப்பவர் இந்தியர்களுக்கு உதவி தேவையில்லை என்று முடிவு கட்டிவிடலாம். உயர்சம்பளத் தொழில்நுட்ப வல்லுநராக வந்து நிரந்தரவாசியானவரும், மூன்று தலைமுறையாக இங்கே இருந்து ஈரறை வாடகை வீட்டில் வாழ்பவரும் ஒரே நிரலில் எண்ணப்படுகிறார்கள். அத்துடன் அந்த எண், வேலை செய்பவர் ஒருவராவது உள்ள குடும்பங்களைப் பற்றியது மட்டுமே. வேலை முற்றிலும் போன வீடு சராசரியைக் குறைப்பதில்லை, பட்டியலிலிருந்தே நீங்கிவிடுகிறது.

கண்டறிந்த தகவலை என்ன செய்வது?

தரவு, வீடு வீடாகச் செல்லும் வேலைக்கு மாற்றாகாது. எந்தப் புளோக்கிலிருந்து தொடங்குவது, எந்த மொழியில் பேசுவது, எந்தத் திட்டத்தைக் கையில் கொண்டு போவது என்ற மூன்றையும் அது சொல்லும். பொது வாடகைப் புளோக்கென்றால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் கம்கேர் உதவியும், பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கான கம்லிங்க்+ திட்டமும் பொருந்தும். அண்மையில் ஆட்குறைப்பு நடந்த துறையினர் அதிகமுள்ள வட்டாரமென்றால், 2025 ஏப்ரலில் தொடங்கிய, ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தரும் வேலை தேடுவோருக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுத் திட்டத்தை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழைப் பொறுத்தவரை, வீட்டில் அதிகம் பேசும் மொழியாக அதைச் சொன்னவர்கள் 2020இல் 2.5 விழுக்காடுதான். வட்டாரவாரியான மொழி அட்டவணையைப் பார்த்துத் தமிழ் பேசும் தொண்டூழியர்களை அனுப்பினால், அவர்களுடைய நேரம் வீணாகாது.

புளோக் எண்ணோடு கூடிய ‘ஆபத்துப் பட்டியல்’ ஒன்றைப் பொதுவில் வெளியிடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு கோப்பும் ஏற்கெனவே பொதுவில் இருப்பதால் இதில் தீங்கில்லை என்று வாதிடலாம். கோப்புகளைச் சேர்த்துத் தரம்பிரித்த பட்டியல் வேறு பொருள். அதை வீட்டு முகவர் படிப்பார், கடன் கொடுப்பவர் படிப்பார், அந்தப் புளோக்கிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் படிப்பார்கள். உட்பயன்பாட்டுக்குப் புளோக் அளவும், வெளியீட்டுக்கு வட்டார அளவும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. வட்டார அளவில் வெளியிடும்போது மேலே சொன்ன குறைகளை வரைபடத்தின் கீழேயே அச்சிட வேண்டும்.

தரவின் வயதும் கவனிக்கத்தக்கது. 2020 கணக்கெடுப்பு, கிருமித்தொற்றால் விமானத் துறையும் ஹோட்டல்களும் முடங்கிக்கிடந்த ஆண்டுக்கு உரியது. எந்த வட்டாரத்தில் எந்தத் துறை ஊழியர் என்ற அதன் பங்கீட்டை இன்றைய ஆட்குறைப்பு விகிதத்தோடு பெருக்குபவர், சாங்கி விமான நிலையத்தை அண்டிப் பிழைக்கும் கிழக்கு வட்டாரங்களின் ஆபத்தை உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிட வாய்ப்புண்டு. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே நடத்தப்படும் பொதுக் குடும்ப ஆய்விலும் வட்டார அட்டவணைகள் உண்டு. 2015க்கு அடுத்த ஆய்வு 2025க்கு உரியது. அதன் துறைவாரி எண்களை எடுத்து மேற்சொன்ன முதல் படியைத் திரும்பச் செய்து, 2020 எண்களால் வந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டு, எந்த வட்டாரங்களின் வரிசை பெரிதும் மாறுகிறதோ அவற்றை உறுதியற்றவை என்று குறித்துக்கொள்ள வேண்டும்.